ரோமானிய மாகாண வெள்ளிக் காசுகளைச் சேகரிப்பது எப்படி? முதல் காசிலிருந்து பதிவேடு வரை

நான் வாங்கிய முதல் ரோமானிய மாகாண வெள்ளிக் காசை எங்கள் தெரு நகைக்கடைக்காரரிடம் காட்டினேன். கையில் வாங்கி இரண்டு முறை புரட்டியவர், இது செம்பு என்றார். வெள்ளி என்று சொல்லித்தான் விற்றார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே உரைகல்லை எடுத்தார். அவர் தேய்ப்பதற்குள் காசைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் சொன்னது ஆறில் ஐந்து பங்கு சரி. அது நீரோ காலத்து அலெக்சாந்திரியா காசு. அதில் வெள்ளி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் இருக்கும்; மீதி செம்பு.

இந்தத் துறைக்குள் வரும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மாகாண வெள்ளியை உலோக மதிப்புக்காக வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். இவை படிப்பதற்கான காசுகள். ஆண்டு, நகரம், ஊர்த் தெய்வம், அரசின் கஜானா நிலவரம் எல்லாம் உள்ளங்கை அகலத்தில் பாதிகூட இல்லாத ஒரு வட்டில் பதிந்திருக்கின்றன. படிக்கத் தெரிந்தவருக்குத் தேய்ந்த காசும் பேசும்.

மாகாணக் காசு என்பது எது?

ரோம் தன் பேரரசு முழுவதற்கும் ஒரே வெள்ளிக் காசைத் திணிக்கவில்லை. மேற்கே தினாரியஸ் ஓடியது. கிழக்கே கிரேக்கம் பேசிய பகுதிகளில் மக்களுக்குப் பழக்கமான திராக்மா கணக்கையே விட்டுவைத்து, பேரரசரின் தலையை மட்டும் முன்பக்கத்தில் பொறித்தார்கள். நான்கு திராக்மா மதிப்புள்ள காசுக்கு டெட்ராடிராக்மா என்று பெயர். இரண்டு திராக்மாவுக்கு டிடிராக்மா. எழுத்து பெரும்பாலும் கிரேக்கம். பின்பக்கம் அந்தந்த ஊரின் மலை, ஆறு, தெய்வம், பறவை. உள்ளூர் அக்கசாலையில் அடித்து, பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே செலவான காசுகள் இவை. வெள்ளியைவிடச் செம்பு, வெண்கல மாகாணக் காசுகள் பல மடங்கு அதிகம். அது தனிக் கடல், இங்கே அதைத் தொடவில்லை.

முதல் படி: ஒரு நகரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் செய்யும் பிழை, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவது. பத்துக் காசு சேர்ந்ததும் பத்தும் பத்துத் திசையில் நிற்கும். ஒன்று மற்றொன்றுக்கு விளக்கம் தராது. ஒரே அக்கசாலையின் ஐந்து காசுகள் இருந்தால் ஆறாவதை நீங்களே அடையாளம் காண்பீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல தொடக்கங்களைச் சொல்கிறேன்.

அலெக்சாந்திரியா. தொடங்குவதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை என்பது என் கருத்து. திபேரியஸ் காலத்தில், கி.பி. 20-ஐ ஒட்டி, எகிப்தில் டெட்ராடிராக்மா மீண்டும் அடிக்கப்பட்டது. டயோக்ளீஷியன் 296-ஐ ஒட்டிச் செய்த சீர்திருத்தத்தோடு அது முடிவுக்கு வந்தது. இந்த நெடுங்காலத்தில் ஏறத்தாழ எல்லாக் காசிலும் ஆண்டு இருக்கிறது. பின்பக்கங்களின் வகைக்குக் குறைவே இல்லை: சாய்ந்து படுத்திருக்கும் நைல் ஆற்றுத் தெய்வம், தலையில் தானியம் அளக்கும் மரக்கால் போன்ற ஒன்றைச் சுமந்த செராபிஸ் தெய்வம், ஐசிஸ் தேவி, மனிதத் தலை வைத்த கனோப்பஸ் குடம், யானைத் தோலைத் தலையில் போர்த்திய பெண்ணாக உருவகிக்கப்பட்ட அலெக்சாந்திரியா நகரம், கழுகு. நீரோவின் கடைசி ஆண்டுகளில் பெருந்தொகையாக அடித்துத் தள்ளியதால் அவை இன்றும் எளிதில் கிடைக்கின்றன. மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக் காசுகள் இன்னும் மலிவு. தெளிவாக உள்ளவையே சில ஆயிரம் ரூபாய்க்குள் அமைந்துவிடும்.

எகிப்தின் நாணயம் மூடிய நாணயம். வெளியிலிருந்து வருபவர் தம் காசை மாற்றிக்கொண்டுதான் உள்ளே செலவு செய்ய முடியும். எகிப்தியக் காசு வெளியே செல்லாது. நமக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒன்று, முசிறியிலிருந்து சரக்கு ஏற்றி வந்த ஹெர்மபொல்லோன் என்ற கப்பலைப் பற்றிப் பேசுகிறது. அதில் சரக்கு மதிப்பாக 1,154 தாலந்து 2,852 திராக்மா என்ற தொகை வருகிறது. ஒரு தாலந்து 6,000 திராக்மா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 17 லட்சம் டெட்ராடிராக்மா. நம் கடற்கரையில் ஏற்றிய மிளகும் தந்தமும் அங்கே கணக்கில் ஏறியது நான் நகைக்கடையில் பிடுங்கிக்கொண்ட அந்தக் காசின் நாணயத்தில்தான். ஆனால் நம் ஊர் மண்ணில் வெளிப்படும் ரோமானிய வெள்ளி பெரும்பாலும் தினாரியஸ். ஊரை விட்டு வெளியே செல்லாத காசைக் கப்பலில் ஏற்றி யார் கொண்டுவருவார்கள்?

அந்தியோக்கியா. சிரியாவின் தலைநகர். இங்கே வெள்ளி கூடுதல். காசும் கனமானது, முதல் நூற்றாண்டில் 14, 15 கிராம் வரை. அகஸ்டஸ் காலத்தில், கி.மு. 5-இல் தொடங்கிய ஒரு வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. நகரத் தெய்வம் டைக்கே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காலடியில் ஓரோந்தஸ் ஆறு ஓர் இளைஞனாக நீந்துகிறது. ஆற்றை நீந்தும் மனிதனாகக் காட்டத் தோன்றிய கற்பனைக்காகவே ஒன்று வாங்கலாம். விலைதான் கையைக் கடிக்கும். அதற்குப் பின் கழுகின் ஆட்சி. காரகல்லா, மேக்ரினஸ் காலத்தில் சிரியா, பெனிக்கியா, மெசொபொத்தேமியா எங்கும் பல நகரங்களில் ஒரே மாதிரிக் கழுகுக் காசுகள் அடிக்கப்பட்டன. எந்த ஊர்க் காசு என்பதைக் கழுகின் கால்களுக்கு இடையிலோ அதன் கீழோ உள்ள சிறு குறிதான் சொல்லும். தீரு நகரத்துக்கு ஊதாச் சாயம் எடுக்கும் முள்சங்கு. குறிகளைத் தேடும் சுகம் பிடித்தவர்களுக்கு இந்த ஒரு வரிசையே பல ஆண்டுகளுக்குப் போதும். அரேபியர் என்று பெயர் பெற்ற ரோமானியப் பேரரசர் பிலிப்பின் அந்தியோக்கியா பாணிக் காசுகள் சிலவற்றில் திடீரென்று லத்தீன் எழுத்தில் ரோம் அக்கசாலையைக் குறிக்கும் சுருக்கம் இருக்கும். அவை ரோமில் அடித்துக் கிழக்கே அனுப்பப்பட்டவை.

கப்பதோக்கியாவின் செசரியா, இன்றைய துருக்கியின் கைசேரி. ஊருக்குப் பின்னால் நிற்கும் ஆர்கையோஸ் எரிமலைதான் அந்த ஊர்க் காசின் கதாநாயகன். மலையே தெய்வம். உச்சியில் நட்சத்திரம், சில காசுகளில் ஒரு மனித உருவம், சிலவற்றில் பலிபீடத்தின் மேல் மலை. திருவண்ணாமலைக்காரருக்கு விளக்கம் தேவைப்படாத காசு இது. திராக்மா மூன்று கிராம் அளவில் சிறியது, பார்க்கவும் வெள்ளியாகவே இருக்கும், விலையும் தாங்கும். ஒரே மலையைப் பல பேரரசர்கள் எப்படி எப்படியெல்லாம் பொறித்தார்கள் என்று சேர்த்துப் பார்ப்பது நல்ல திட்டம்.

ஆசியா மாகாணமும் லிக்கியாவும், இரண்டும் இன்றைய துருக்கியில். எபேசு, பெர்கமு ஆகிய ஊர்களோடு தொடர்புள்ள பெரிய காசு சிஸ்டோஃபோரஸ். மூன்று தினாரியஸ் மதிப்பு. பாம்பு எட்டிப் பார்க்கும் பூசைக் கூடையிலிருந்து பெயர் வந்தது; பிற்காலத்தில் கூடை மறைந்து பெயர் மட்டும் தங்கியது. எழுத்து லத்தீனாக இருப்பதால் இதை மாகாணக் காசில் சேர்க்கலாமா என்று வாக்குவாதம் உண்டு. எனக்குக் கவலையில்லை. ஹேட்ரியன் காலத்துக் காசுகளில், பழைய மார்க் அந்தோணி, அகஸ்டஸ் காசுகளின் மேலேயே புது அச்சை அடித்தார்கள். சாய்த்துப் பிடித்தால் ஹேட்ரியனின் கழுத்துக்கு அடியில் நூற்றைம்பது ஆண்டு பழைய எழுத்து ஒன்று எட்டிப் பார்க்கும். முதல் காசாக வாங்க வேண்டாம், விலை அதிகம். லிக்கியாவின் திராக்மாவில், குறிப்பாக டிராஜன் காலத்தில், இரண்டு யாழ்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சிறிய, அழகான, கைக்கெட்டும் விலையில் உள்ள காசு.

தீரு நகரத்து ஷெக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எருசலேம் தேவாலய வரிக்கு ஏற்கப்பட்ட காசு இது. இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு இதுவாக இருக்கலாம் என்ற நம்பிக்கையால் உலகெங்கும் கிராக்கி. கிராக்கி உள்ள இடத்தில் கள்ளக்காசும் குவியும். பழகிய கண் வரும்வரை ஒதுங்கியிருங்கள்.

இரண்டாம் படி: நான்கு கருவிகள்

பத்து மடங்கு உருப்பெருக்கி. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு. விட்டம் அளக்க ஒரு காலிப்பர், உலோகத்தை விடப் பிளாஸ்டிக் முனை நல்லது. சாய்வாக வெளிச்சம் போட ஒரு மேசை விளக்கு. முதல் காசுக்கு முன்பே இவற்றை வாங்கிவிடுங்கள்.

விளக்கை நேர் மேலிருந்து போடாதீர்கள். தேய்ந்த எழுத்து நேர் ஒளியில் காணாமல் போய்விடும். காசைச் சுற்றிச் சுற்றிப் பக்கவாட்டிலிருந்து ஒளியை நகர்த்தினால், இல்லை என்று நினைத்த எழுத்து ஒரு கோணத்தில் எழுந்து நிற்கும். கல்வெட்டுப் படிப்பவர்கள் மாலை வெயிலுக்குக் காத்திருப்பது இதற்காகத்தான்.

மூன்றாம் படி: எழுத்தையும் ஆண்டையும் படியுங்கள்

கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. இருபத்துநான்கு எழுத்துகளும், கூடவே எண்ணுக்காக மட்டும் வரும் ஒன்றிரண்டும் தெரிந்தால் போதும். ஒரு வாரத்து வேலை.

திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மூன்று. 'ஆட்டோக்ராட்டோர்' என்றால் பேரரசர். 'ஆட்' அல்லது 'ஆட்டோக்ரா' என்று சுருங்கி வரும். 'கைசார்' என்பது சீசர். 'செபாஸ்டோஸ்' என்பது அகஸ்டஸ் என்ற பட்டத்தின் கிரேக்கம். இவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் பேரரசரின் பெயர். கண்ணை ஏமாற்றும் ஓர் எழுத்து சிக்மா: முற்காலக் காசுகளில் கோணல் கோடுகளாகவும், பிற்காலக் காசுகளில் பிறை வடிவில் ஆங்கிலத்தின் 'சி' போலவும் இருக்கும். அதைக் கண்டு லத்தீன் எழுத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆண்டுக்கு எழுத்துகளே எண்கள். ஆல்ஃபா 1, பீட்டா 2, காமா 3, டெல்டா 4, எப்சிலோன் 5, ஸ்டிக்மா 6, ஜீட்டா 7, ஈட்டா 8, தீட்டா 9, அயோட்டா 10, கப்பா 20. நம் பழைய தமிழ் எண்களில் க ஒன்று, உ இரண்டு என்று எழுத்தே எண்ணாவது போன்ற ஏற்பாடுதான். அயோட்டாவும் பீட்டாவும் சேர்ந்தால் 12. எது முன்னால் வந்தாலும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அலெக்சாந்திரியாவில் இந்த எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'எல்' போன்ற ஒரு குறி இருக்கும். அது எழுத்து அன்று, ஆண்டைக் குறிக்கும் அடையாளம். நம் பழைய கணக்கேடுகளில் வருடத்துக்கு ஒரு சுழி போடுவார்களே, அதைப் போல.

இப்போது ஒரு காசை முழுதாகப் படிப்போம். என் முதல் காசு இதே வகைதான். முன்பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை, அதில் கதிர்முடி. சுற்றிலும் 'நெரோ கிளவ் கைஸ் செப் கெர் ஆ'. பேரரசரின் பெயரும் பட்டங்களும் சுருங்கியிருக்கின்றன. கடைசி 'ஆ' பின்பக்கத்தில் 'ஆட்டோக்ரா' என்று விரிகிறது. பின்பக்கம் யானைத் தோல் போர்த்திய பெண் தலை, அதாவது அலெக்சாந்திரியா. துதிக்கை நெற்றிக்கு மேல் வளைந்திருக்கும். முகத்துக்கு முன்னால் ஆண்டுக் குறி, அயோட்டா, பீட்டா. நீரோவின் 12-ஆம் ஆண்டு.

அது எந்த ஆண்டு? எகிப்தில் ஆண்டு பிறப்பது ஆகஸ்டு 29. பேரரசர் எந்த மாதம் பட்டத்துக்கு வந்தாலும், அடுத்த ஆகஸ்டு 28 வரை அது முதலாம் ஆண்டு. மறுநாளே இரண்டாம் ஆண்டு. நீரோ பட்டமேறியது 54 அக்டோபரில். ஆகவே அவர் ஆண்டெண்ணோடு 53-ஐக் கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கிய கி.பி. கிடைக்கும். 12-ஆம் ஆண்டு, 65 ஆகஸ்டு முதல் 66 ஆகஸ்டு வரை. ரோம் தீப்பற்றி எரிந்ததற்கு அடுத்த ஆண்டு அது.

இந்தக் கணக்கு புரியாவிட்டால் கால்பா உங்களைக் குழப்புவார். 68 ஜூனில் பேரரசராகி 69 ஜனவரியில் கொல்லப்பட்டவர். ஆண்டது எட்டு மாதம்கூட இல்லை. ஆனால் அவர் காசில் 'ஆண்டு 2' என்று இருக்கும். பொய் இல்லை, இடையில் ஓர் ஆகஸ்டு வந்துபோய்விட்டது.

ஒரே காசில் இரண்டு ஆண்டு உள்ளதும் உண்டு. சிரியப் பாலைவன நகரமான பால்மைராவின் அரசி ஜெனோபியா எகிப்தைப் பிடித்தபோது, ஒரு பக்கம் ரோமானியப் பேரரசர் அவ்ரேலியன், மறுபக்கம் ஜெனோபியாவின் மகன் வாபல்லத்தஸ் என்று காசு வந்தது. அவ்ரேலியனுக்கு முதலாம் ஆண்டு, பையனுக்கு நான்காம் ஆண்டு. ரோமை வெளிப்படையாக எதிர்க்கவும் இல்லை, பணியவும் இல்லை. எங்கள் ஆண்டெண் பெரியது என்று மட்டும் ஓரமாகச் சொல்லி வைத்தார்கள். 270-72 காலத்து இந்தக் காசு இன்றும் எட்டாத விலையில் இல்லை. பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தியோக்கியாவில் கணக்கு வேறு. டைக்கே காசின் முதல் வெளியீட்டில் ஸ்டிக்மா, கப்பா, அதாவது 26 இருக்கும். ஆக்டியம் கடற்போர் வெற்றியிலிருந்து 26-ஆம் ஆண்டு. கூடவே அகஸ்டஸ் 12-ஆவது முறை வகித்த கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போவதால்தான் கி.மு. 5 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. வெஸ்பாசியன் காலத்தில் 'புதிய புனித ஆண்டு' என்றே எழுதி எண்ணைப் போட்டார்கள். ஒவ்வொரு நகரத்துக்கும் தன் பஞ்சாங்கம். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணக்கிடாதீர்கள்.

படித்ததைச் சரிபார்க்க ரோமானிய மாகாண நாணயங்களின் பெருந்தொகுதி இருக்கிறது, சேகரிப்பவர்கள் ஆர்.பி.சி. என்பார்கள். 1992 முதல் தொகுதிகளாக வருகிறது, ஆக்ஸ்போர்டு வழியாக இணையத்தில் இலவசமாகவும் தேடலாம். நகரம், பேரரசர், பின்பக்க உருவம் என்று கொடுத்தால் படங்களோடு வரும். சிரியா, பெனிக்கியா டெட்ராடிராக்மாக்களுக்குப் பிரியூர் தொகுத்த அட்டவணை எண்ணைத்தான் விற்பவர்கள் எழுதுவார்கள். ஆனால் ஒன்று, தானாகப் படித்துப் பார்த்த பிறகே தேடுங்கள். விடையைப் பார்த்துக் கணக்குப் போடுகிற பையன் கணக்குப் படிப்பதில்லை.

நான்காம் படி: எடை போடுங்கள், மாற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

நகைக்குத் தங்க மாற்று என்று சொல்கிறோமே, அதேதான் இங்கே வெள்ளிக்கும். அலெக்சாந்திரியாவின் வெள்ளி திபேரியஸ் காலத்திலேயே பாதிக்குக் கீழே. நீரோ அதை ஆறில் ஒரு பங்காக்கினார். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலும் இறங்கியது. டயோக்ளீஷியன் காலத்தில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் வெள்ளி. எடையும் கூடவே சரிந்தது. நீரோவின் காசு 12, 13 கிராம், விட்டம் 23 முதல் 25 மில்லிமீட்டர். இறுதிக் காலக் காசு 7, 8 கிராம். சிறுத்துத் தடித்து ஒரு பொத்தானைப் போல இருக்கும். நீரோ காசில் ஏறத்தாழ இரண்டு கிராம் வெள்ளி, கடைசிக் காசில் ஏறத்தாழ ஒரு குந்துமணி எடைதான் தேறும். இரண்டுக்கும் பெயர் ஒன்றே: டெட்ராடிராக்மா.

என் யோசனை, இந்தச் சரிவையே ஒரு சேகரிப்பாக வையுங்கள். நீரோ, ஹேட்ரியன், கொமோடஸ், அலெக்சாண்டர் செவெரஸ், கல்லியேனஸ், பிரோபஸ், டயோக்ளீஷியன் என்று ஏழு காசு. ஒரே தட்டில் வரிசையாக வைத்தால், ஒரு பேரரசின் பணவீக்கம் வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று நிறம் மாறிப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹேட்ரியனும் கொமோடஸும் சற்று விலை, மற்றவை எளிது.

எடை பாதுகாப்புக் கருவியும்கூட. அதே வகைக் காசுகளின் எடையைத் தொகுதியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் கூடக் குறைய இருப்பது இயல்பு. அக்காலத்தில் ஒவ்வொரு வில்லையையும், அதாவது அச்சடிக்கும் முன் உள்ள வெற்று உலோகத் துண்டையும், தனித்தனியே நிறுத்துச் சரிசெய்யவில்லை. மூன்று கிராம் விலகினால் கேள்வி கேளுங்கள். மாற்று உயர்ந்த சிஸ்டோஃபோரஸ், செசரியா திராக்மா போன்றவற்றில் எடை குறைவாகவும், தேய்ந்த மூக்கிலும் காதிலும் செம்பு சிவந்து தெரிவதாகவும் இருந்தால் அது அக்காலத்துக் கள்ளக்காசாக இருக்கலாம்: செம்பு வில்லையின் மேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்தது. அதையும் நான் தள்ள மாட்டேன். ஈராயிரம் ஆண்டுப் பழைய மோசடிக்கும் ஒரு மதிப்பு உண்டு, உண்மையான காசின் விலை கேட்காத வரை.

ஐந்தாம் படி: இக்காலப் போலிகள்

வார்த்து எடுத்த போலி முதல் வகை. அசல் காசிலிருந்து அச்சு எடுத்து உலோகத்தை ஊற்றுவது. பரப்பில் ஊசிமுனைக் குழிகள், எழுத்தின் ஓரங்கள் சோப்பு கரைந்தது போல மழுங்கியிருக்கும், விளிம்பில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு அல்லது அதை மறைக்க அரம் போட்ட தடம். அடித்த காசில் உலோகம் ஓடிய தடமும், எழுத்து காசின் வெற்றுப் பரப்பிலிருந்து வெட்டி எழும் கூர்மையும் தேய்மானத்துக்குப் பிறகும் எங்காவது மிஞ்சும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அலெக்சாந்திரியாவில் வில்லைகளை வார்த்துத்தான் எடுத்தார்கள், பிறகு அடித்தார்கள். எனவே விளிம்பு சரிவாக இருப்பதும், வார்ப்புக் கால்வாயின் துண்டு ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருப்பதும் அங்கே அசலின் இயல்பு. அதைப் பார்த்து நல்ல காசொன்றைப் போலி என்று நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். வேறொருவர் வாங்கிக்கொண்டார். இன்றும் அதன் படம் என்னிடம் இருக்கிறது.

அச்சு வெட்டி அடித்த போலிகள் ஆபத்தானவை. ஒரு காசைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் அகப்படும். ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசுகள் இருக்கலாம். ஆனால் அச்சு விழுந்த இடம், விளிம்பின் விரிசல், தேய்மானம் எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வழியில்லை. இருந்தால் ஒன்றோ இரண்டுமோ நகல். பழைய ஏலப் படங்களைத் தேடிப் பார்ப்பது இதற்காகவும்தான்.

மூன்றாவது, அசல் காசில் கத்தி வைப்பது. தேய்ந்த தலைமுடியையும் இறகையும் கூர்மையாகச் செதுக்கி விலை ஏற்றுவார்கள். எழுத்து மழுங்கியிருக்க, கழுகின் இறகு மட்டும் நேற்றுப் பொறித்தது போல இருந்தால் ஒதுங்குங்கள்.

சுற்றுலாத் தலங்களில் தாளில் பொட்டலம் கட்டி ரகசியமாகக் காட்டப்படும் 'ரோமாபுரிக் காசு' பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் படி: வாங்குவதும் சட்டமும்

பெரும்பாலும் வெளிநாட்டு ஏலத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். சுத்தியல் விழுந்த விலை உங்கள் விலை அன்று. வாங்குபவர் கட்டணம் என்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏறும். அதற்கு மேல் அனுப்பும் செலவு, வங்கிக் கட்டணம், இங்கே வந்ததும் சுங்கம். முதல் ஏலத்தில் நான் இதையெல்லாம் கூட்டாமல் கை தூக்கினேன். கடைசியில் காசின் விலைக்குச் சமமாக மேல்செலவு வந்து நின்றது. அதன் பிறகு மொத்தச் செலவை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கழித்து வந்த தொகையைத்தான் கேட்கிறேன்.

காசின் பழைய உரிமை வரலாறு, அதாவது முன்பு யார் சேகரிப்பில், எந்த ஏலத்தில் இருந்தது என்ற விவரம், அழகுக்கு அன்று. இந்தக் காசுகள் கிளம்பிய நாடுகள் எகிப்து, சிரியா, துருக்கி. எகிப்தும் துருக்கியும் 1983-லேயே கடுமையான தொல்பொருள் சட்டங்களை இயற்றிவிட்டன. போர்க்காலச் சிரியாவில் தோண்டிக் கடத்தியவை சந்தைக்கு வந்ததும் தெரிந்ததே. 'பழைய ஐரோப்பியச் சேகரிப்பு' என்ற மூன்று சொற்களை நான் ஆதாரமாக ஏற்பதில்லை. ஆண்டு, பட்டியல், படம், பில், இவற்றில் ஏதாவது ஒன்று காகிதத்தில் வேண்டும். இல்லையென்றால் காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவேன். விட்ட காசுகளில் சில இன்னும் கனவில் வருகின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தியாவில் இருப்பவர்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. தொழிலாக விற்க உரிமம் வேண்டும். இதில் பலர் யோசிக்காத ஒன்று: வெளிநாட்டு விற்பனையாளர் தரும் 'போலியென்றால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம்' என்ற உறுதிமொழி நமக்கு அரை மதிப்புதான். திருப்பி அனுப்ப வேண்டுமானால், அது தொல்பொருள் அன்று என்று தொல்லியல் துறையிடம் சான்று பெற்றுக் கிளம்ப வேண்டும். ஆகவே சந்தேகங்களையெல்லாம் பணம் கட்டும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்தது போல, எங்காவது மண்ணிலிருந்து எடுத்ததாகச் சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். மண்ணில் கண்டெடுத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது.

ஏழாம் படி: கழுவாதீர்கள்

வீட்டுக்கு வந்த காசைப் பார்த்ததும் நம் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, வெள்ளிக் கிண்ணத்தைத் திருநீறு போட்டுத் துலக்கி வளர்ந்த கை அது. என் இரண்டாவது காசை, எலுமிச்சைச் சாற்றில் ஒரு இரவு ஊறவைத்தேன். காலையில் பார்த்தபோது செராபிஸின் முகம் ரோஸ் நிறத்தில், பொரிந்த அப்பளம் போலக் குண்டும் குழியுமாக இருந்தது. அமிலம் செம்பைத் தின்றுவிட்டது. கலப்பு வெள்ளியில் பழுப்பும் கருமையுமான மேற்படலம்தான் காசின் தோல். உரித்தால் திரும்ப வராது.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். பழைய பிளாஸ்டிக் உறையால் பச்சைப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் அசிட்டோன் கரைக்கும். சன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். வெளிர் பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது வேறு, உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும் நோய். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மாற்று உயர்ந்த பழைய வெள்ளி நூற்றாண்டுகளில் படிகமாகி, கண்ணாடி போல உடையும் தன்மை பெற்றிருக்கும். மேசைமேல் எறிந்து 'கிண்' என்று ஒலிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கீழே மெத்தென்ற துணி விரித்து, விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

கடலோர ஊர்களில் ஈரம்தான் எதிரி. பி.வி.சி. கலக்காத உறை, காற்றுப் புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். ஜெல்லை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். உறைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் கருங்கோடு போடும்.

எட்டாம் படி: பதிவேடு

ஒவ்வொரு காசுக்கும் ஓர் அட்டை. நகரம், பேரரசர், ஆண்டு, எடை, விட்டம், ஆர்.பி.சி. எண், யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கியது, அதற்கு முன் எங்கே இருந்தது. கூடவே அச்சின் திசை: முன்பக்கத் தலை நேராக நிற்கும்படி பிடித்து, பக்கவாட்டில் புரட்டினால் பின்பக்கம் நேராக நிற்கிறதா, தலைகீழாகவா என்று கடிகார எண்ணில் குறிப்பார்கள். அலெக்சாந்திரியாவில் பெரும்பாலும் 12-ஐ ஒட்டியே வரும். இரு பக்கமும் படம் எடுங்கள். எடை எழுதாத அட்டை அரை அட்டைதான், ஏனென்றால் படம் தொலைந்தாலும் 12.87 கிராம் என்ற எண்ணைக் கொண்டு அதே காசை மீண்டும் அடையாளம் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் ஜியோவன்னி டத்தாரி என்ற இத்தாலியர் இருந்தார். அலெக்சாந்திரியாக் காசுகளைப் பல்லாயிரக் கணக்கில் சேர்த்தவர். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து வைத்தார், பள்ளிக்கூடத்தில் பத்துப் பைசாக் காசின் மேல் தாள் வைத்து நாம் செய்த அதே வேலை. சேகரிப்பு அவருக்குப் பின் சிதறியது. பென்சில் படிகள் மட்டும் தப்பி, 1999-இல் அச்சாகி வெளிவந்தன. இன்று ஏலத்துக்கு வரும் ஓர் அலெக்சாந்திரியாக் காசின் விளிம்பு விரிசலை அந்தப் படிகளோடு ஒப்பிட்டு, இது டத்தாரியுடையது என்று கண்டுபிடிக்கிறார்கள். காசின் வரலாறு நூறாண்டு பின்னால் நீள்கிறது, விலையும் கூடுகிறது. என்னிடமுள்ள நீரோவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பக்கங்களோடு வைத்துப் பார்த்தேன். அகப்படவில்லை. அட்டையில் 'டத்தாரி: பார்த்தாயிற்று, இல்லை' என்று எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.